சுபாஷ் பாபுவும் வைத்தியப் பரிசோதனையும்

ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தவாறு அமைந்திருக்கும் தளவாய்புரம், சேனாபதியின் பெயரைத் தாங்கிய ஊர். நாயக்க மன்னர்கள் காலத்தில் சேனையை நடத்திச் சென்ற பிரதான அதிகாரிக்குத் தளவாய் என்று பெயர். இன்று அவ்வூரில் ஓயாமல் கேட்பது தையல் இயந்திரங்களின் ஒலி. அங்கே தைக்கப்படும் நைட்டிகளும் பிற ஆயத்த ஆடைகளும் பல ஊர்ச் சந்தைகளுக்குச் செல்கின்றன. ஆயினும் பட்டாளத்தில் சேர வேண்டுமென்ற ஆசை அப்பகுதி வாலிபர்களை விட்டு நீங்கியதாகத் தெரியவில்லை.

அவ்வூரிலிருந்து தையற்கூடம் நடத்தும் தந்தை ஒருவர் சென்ற வாரம் நம்மைக் காண வந்தார். அவருடைய மகனுக்குச் சிறு பிராயத்தில் மூச்சிரைப்பு நோய் இருந்ததாம். ஒன்பது வயது வரையில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். பிறகு நோய் தலைகாட்டவில்லை. இப்பொழுது பையன் விடியற்காலையில் எழுந்து கண்மாய்க் கரையில் சலிக்காமல் ஓடுகிறான். ராணுவத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறான். பழைய வியாதிகளைப் பற்றிக் கேட்டால் ஒன்றுமில்லை என்று எழுதிவிடலாமா என்பதே தந்தையின் கேள்வி. வைத்தியசாலைச் சீட்டுகளை அடுப்பில் போட்டுவிடும்படி யாரோ ஒருவர் யோசனையும் சொல்லியிருக்கிறார். பேச்சினிடையே, மகன் படுக்கும் இடத்தில் நேதாஜியின் படத்தை மாட்டி வைத்திருக்கிறான் என்று தந்தை பெருமையோடு சொன்னார்.

அவர் கேட்டதற்குரிய சட்டத்தைச் சொல்லி அனுப்பினோம். ஆனால் அவர் சென்ற பிறகு அந்தப் படம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. ராணுவ உடையில் நிமிர்ந்து நிற்கும் அவ்வுருவத்தின் முகத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி இருக்கிறது. அதைக் கவனிப்பவர் சிலரே. அந்தக் கண்ணாடிக்குக் காரணமான குறையினாலேயே அவர் ஒரு காலத்தில் பட்டாளத்துக்குத் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பப்பட்டார். அந்தக் கதையைத் தளவாய்புரத்து வாலிபனுக்கு மாத்திரமின்றி, அவனைப் போன்ற எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

1897-ம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி கட்டாக் நகரில், ஜானகிநாத் போஸ் என்ற வழக்கறிஞருக்கு ஒன்பதாவது குழந்தையாகச் சுபாஷ் சந்திரர் பிறந்தார். படிப்பில் முதன்மையாக விளங்கிய அப்பிள்ளை விளையாட்டில் சோபிக்கவில்லை. பந்தாடுவதைவிடப் புத்தகங்களிலேயே அவர் மனம் சென்றது. 1913-ல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் கல்கத்தா சர்வகலாசாலையிலேயே இரண்டாவதாகத் தேறினார். பின்னாளில் படை நடத்தப் போகிறவர் இவர் என்று அப்பொழுது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். விவேகானந்தரின் நூல்களில் மூழ்கி, துறவியாகிவிடலாமா என்று ஏங்கிக் கொண்டிருந்த பிள்ளை அவர்.

1914-ம் வருஷக் கோடையில், வீட்டாருக்குச் சொல்லாமல் ஒரு நண்பருடன் புறப்பட்டு, குருவைத் தேடி ஹரித்வாரம், மதுரா, பிருந்தாவனம், காசி என்று அலைந்தார். தேடிய குரு கிடைக்கவில்லை. வீடு திரும்பியதும் விஷஜுரம் கண்டு படுக்கையில் விழுந்தார். அவர் அப்படிக் கிடந்த சமயத்தில்தான் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டு படுத்திருந்த அந்தப் பதினேழு வயது வாலிபர் தம்முடைய கருத்துக்களையெல்லாம் மறுபடி ஆராய்ந்து பார்த்தார். ஒரு தேசம் தன் வாழ்க்கையில் ஆன்மிகத்தைத் தனக்கென வைத்துக்கொண்டு, தன்னைக் காக்கும் பொறுப்பை அன்னியரிடம் ஒப்படைத்துவிட முடியுமா என்ற வினா அவருக்குள் எழுந்தது. முடியாது என்ற முடிவுக்கு வந்தார். சுயராஜ்யத்துக்குத் தகுதி பெற விரும்பும் தேசம், ராணுவம் என்ற பிரச்னையைத் தட்டிக் கழிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அவருடைய வாழ்க்கையில் ராணுவ எண்ணம் நோய்ப் படுக்கையிலேயே பிறந்தது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1916-ல் பிரெஸிடென்ஸி கலாசாலையில் ஓட்டன் என்ற ஆங்கில ஆசிரியர் மாணவர்களால் தாக்கப்பட்டார். விசாரணைக் கமிட்டியின் முன் சுபாஷ் நிறுத்தப்பட்டார். அந்தச் செய்கை தவறென்று சொல்லி மாணவர்களைக் கைவிட்டிருந்தால் அவர் தப்பியிருக்கலாம். தாக்கியது நியாயமல்லவென்றும், ஆனால் மாணவர்களுக்கு மிகுந்த ஆத்திரமூட்டப்பட்டதென்றும் அவர் இரண்டு பகுதிகளையும் சேர்த்தே சொன்னார். பதிலின் முதற் பாதியோடு நிறுத்திக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. கலாசாலையிலிருந்து வெளியேற்றப்பட்டார், வேறு கலாசாலையில் படிக்கவும் அனுமதி மறுக்கப்பட்டது. ஒரு வருஷ காலம் கட்டாக்கில் கழித்தார்.

பிறகு கல்கத்தாவுக்குத் திரும்பி, மீண்டும் படிக்க அனுமதி கோரிக் காத்திருந்தார். அப்பொழுது 49-வது பெங்காலிப் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துக் கொண்டிருந்தார்கள். போர்க்குணம் வாய்ந்த ஜாதியார் சிலர், அது இல்லாத ஜாதியார் சிலர் என்று பிரிட்டிஷார் நம் ஜனங்களைப் பிரித்து வைத்திருந்த காலம் அது. வங்காளிகளை இரண்டாவது பட்டியலில் தள்ளியிருந்தார்கள். சென்னை மாகாணத்தாரையும் அதே கண்ணோடுதான் பார்த்தார்கள். புகழ் பெற்ற சென்னைப் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, இரண்டாவது உலக யுத்தம் நெருக்கிய பிறகு 1941-ல் மீண்டும் திரட்டினார்கள். ஆகவே வங்காளிப் பட்டாளம் என்பது ஒரு ஜனசமூகத்தின் மேல் சுமத்தப்பட்ட இழிவைத் துடைக்கும் முயற்சியாகவும் இருந்தது. கவி நஸ்ருல் இஸ்லாமும் 1917-ல் அப்பட்டாளத்தில் சேர்ந்தவரே.

ஆள் சேர்க்கும் கூட்டமொன்றுக்குச் சென்று வந்த சுபாஷ், மறுநாள் எவரிடமும் சொல்லாமல் பீடன் தெருவிலிருந்த காரியாலயத்துக்குப் போய்ப் பரிசோதனைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். பரிசோதனை முரட்டுத்தனமாகவே நடந்தது. அவர் முகஞ்சுளிக்காமல் உடன்பட்டார். மற்றவற்றிலெல்லாம் தேறிவிடுவோம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. பயமெல்லாம் கண்ணைப் பற்றியதுதான். அங்கிருந்த வைத்திய அதிகாரி இந்தியர். எப்படியாவது தம்மைத் தேறியவராக எழுதிவிடும்படி அவரிடம் மன்றாடினார். கண் பரிசோதனை தம்முடையதன்று, வேறோர் அதிகாரியுடையது என்று அவர் வருத்தத்துடன் கூறிவிட்டார். அந்த வேறோர் அதிகாரியோ பார்வை விஷயத்தில் மிகவும் கண்டிப்பானவர். மற்றெல்லாச் சோதனைகளிலும் தேறிய சுபாஷ் அந்த ஒன்றில் தள்ளப்பட்டார். மனமுடைந்து வீடு திரும்பினார்.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறைக்கலாகாது. சுபாஷ் பாபு அந்த வைத்தியரிடம் சலுகை கேட்டார். அது அவருடைய பலவீனம். இருபது வயதில், ஆசையின் வேகத்தில் மனிதர் செய்யக்கூடிய காரியம். ஆனால் கேட்டவர் தம் கண்ணின் குறையை மறைத்துவிட்டுக் கேட்கவில்லை. அதைச் சொல்லித்தான் கேட்டார். வேறொருவரைத் தம் பெயரில் நிற்க வைக்கவில்லை. பொய்ச் சான்று தேடவும் இல்லை. மறுக்கப்பட்டதும் அந்த மறுப்பைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார்.

அத்துடன் கதை முடிந்திருந்தால் நாம் அதை எழுத வேண்டிய அவசியமில்லை. ஆசுதோஷ் முகர்ஜியின் தயவால் 1917-ல் ஸ்காட்டிஷ் சர்ச் கலாசாலையில் இடம் கிடைத்தது. அதே சமயத்தில் இந்தியப் பாதுகாப்புப் படையின் கிளையாகச் சர்வகலாசாலை மாணவர் படையொன்று அமைக்கப்பட்டது. நிரந்தரப் பட்டாளத்தைப்போல் அங்கே தேகப் பரிசோதனை அவ்வளவு கடுமையாக இல்லை. முக்கியமாகக் கண் விஷயத்தில் விதி தளர்ந்திருந்தது. சுபாஷ் அந்த வாசலைத் தட்டினார், அது திறந்தது. கண்ணும் அதே கண். ஆளும் அதே ஆள். விதி மாத்திரமே வேறு. ஏறக்குறைய நான்கு மாத காலம் கூடாரத்தில் தங்கி, அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் பெற்றார். மூன்றாண்டுகளுக்கு முன் சாதுக்களின் காலடியில் அமர்ந்தவர் இப்பொழுது ஆங்கிலேய அதிகாரியின் உத்தரவுக்குத் துப்பாக்கியைத் தோளில் தூக்கி நின்றார். அந்த மாறுதலைப் பின்னாளில் அவரே எண்ணி வியந்ததுண்டு.

1919-ல் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் சேர்ந்த பிறகும் இந்த ஆசை அவரை விடவில்லை. அங்குள்ள மாணவர் ராணுவப் பயிற்சிப் படையில் இந்தியர்களுக்கு இடமில்லை. அதை எதிர்த்து வாதாட இந்திய மாணவர் சங்கம் அனுப்பிய பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். இந்திய மந்திரி காரியாலயத்தில் துணை மந்திரியாயிருந்த லிட்டன் பிரபு தங்களுக்கு ஆட்சேபமில்லை, யுத்த காரியாலயமே தடுக்கிறது என்றார். பயிற்சி பெற்ற இந்தியர்கள் பிறகு பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிப் பதவி கேட்பார்களே என்பதுதான் உண்மையான அச்சம். இத்தடைக்கும் கண்ணுக்கும் சம்பந்தமில்லை. தேகக் குறையைக் காட்டி மறுப்பது ஒன்று. பிறப்பைக் காட்டி மறுப்பது வேறொன்று. முன்னதை அவர் பொறுத்துக்கொண்டார். பின்னதை எதிர்த்து வாதாடினார். இந்த வித்தியாசம் நமது வாலிபர்களுக்குத் தெரிய வேண்டும்.

1920-ல் ஐ.சி.எஸ். பரீட்சையில் நான்காவது இடம் பெற்றார். மகுடத்துக்கு விசுவாசமாக ஊழியம் செய்வதாக உடன்படிக்கைப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். ஒப்பமிட்டுவிட்டு உள்ளே இருந்துகொண்டே தேசத்துக்கு உழைக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. மனத்தில் ஒன்றும் காகிதத்தில் ஒன்றுமாக இருக்க அவர் சம்மதிக்கவில்லை. 1921 ஏப்ரலில் ராஜிநாமா கொடுத்தார். அந்நாளில் இந்தியன் ஒருவன் அடையக்கூடிய மிகப் பெரிய உத்தியோகம், ஒரு கையெழுத்தின் நேர்மைக்காகத் துறக்கப்பட்டது.

பிறகு வந்த வருஷங்களில் நோய் அவரை விடாமல் பின்தொடர்ந்தது. 1924-ல் கைதாகி மாந்தளைச் சிறையில் அடைபட்டவருக்கு உடல் மிகவும் சீர்கெட்டது. இந்திய மண்ணை மிதிக்காமல் ரங்கூனிலிருந்து நேரே ஐரோப்பாவுக்குச் செல்வதானால் விடுதலை தருவதாகச் சர்க்கார் சொன்னார்கள். நோயைச் சாக்காக வைத்துத் தேசத்தை விட்டு அகல அவர் மறுத்தார். 1927-ல் நிபந்தனையின்றியே விடுதலையானார். 1928-ல் கல்கத்தா காங்கிரஸில் தொண்டர் படைக்குத் தலைவராக ராணுவ உடையில் நின்றார். 1935-ல் வியன்னாவில் பித்தப்பைச் சிகிச்சை நடந்தது. 1939-ல் திரிபுரி காங்கிரஸுக்கு, கடும் ஜுரத்தோடு தூக்குப் படுக்கையில் கொண்டுவரப்பட்டார். அது உண்மையான நோய்தானா என்று சந்தேகித்தவர்களும் அங்கே இருந்தார்கள். இல்லாத நோயை உண்டென்று நடிப்பவராகத் தம்மைக் கருதினார்களே என்பது அவரை ஜுரத்தைவிட அதிகமாக வாட்டியது.

அவ்வருஷம் செப்டம்பர் 3-ந் தேதி சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கையில் யாரோ ஒரு மாலைப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தார். பிரிட்டன் ஜெர்மனியோடு யுத்தத்தில் இறங்கிவிட்டது என்ற செய்தி அதில் இருந்தது. இரண்டாவது யுத்தம் தமிழ் மண்ணில் அவரைச் சந்தித்தது. 1940-ல் மீண்டும் சிறை. நவம்பர் கடைசியில் உண்ணாவிரதம் தொடங்கினார். உடல்நிலைக்கு அஞ்சி டிசம்பர் 5-ந் தேதி விடுவித்தார்கள். 1941 ஜனவரி 16-ந் தேதி இரவு, காவலர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, ஜியாவுத்தீன் என்ற பெயரில் வீட்டை விட்டு வெளியேறினார். பெஷாவரைத் தாண்டியதும், அவ்விடத்துப் பஷ்டு பாஷை தெரியாததால், செவிடும் ஊமையுமாக நடித்தே காபூல் போய்ச் சேர்ந்தார்.

இதைப் படிக்கும் சிலர் நம்மைத் தடுத்துக் கேட்கலாம். இல்லாத ஊனத்தை உண்டென்று காட்டி ஏமாற்றியவரையா உண்மைக்கு உதாரணமாகக் காட்டுகிறீர் என்பார்கள். கேள்வி நியாயமானதே. நமது பதில் இது. அவர் ஏமாற்றியது தம்மைச் சிறையில் வைத்திருந்த அன்னிய சர்க்காரை. தம்மோடு அணியில் நிற்கும் தோழனை அவர் ஏமாற்றவில்லை. பட்டாளத்தில் சேருகிறவன் தன் நோயை மறைக்கும்பொழுது யாரை ஏமாற்றுகிறான்? பார்வையில் சர்க்காரை என்று தோன்றும். உண்மையில் ஏமாறுகிறவன், பனிமலையில் அவனோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டு ஏறும் பக்கத்துச் சிப்பாயே. உலர்ந்த குளிர்காற்றில் பழைய மூச்சிரைப்பு திரும்பக்கூடும். உறக்கமில்லாத இரவுகளில் பழைய வலிப்பு திரும்பக்கூடும். அப்பொழுது ஒருவனைத் தூக்கிச் செல்ல நால்வர் வேண்டும்; அந்த நால்வருடைய துப்பாக்கிகளும் மௌனமாகிவிடும்.

தேக நிலை சேனைக்கு எவ்வளவு முக்கியமென்பதை நேதாஜியின் படையே கண்டது. ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே வந்த அவர் 1943 ஜூலை 4-ந் தேதி சிங்கப்பூரில் தலைமை ஏற்றார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக் கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். போர்க்குணமற்றவர்கள் என்று பட்டியலிடப்பட்ட ஜாதிகளைச் சேர்ந்தவர்களும், போருக்கே உரியவர்களல்லரென்று கருதப்பட்ட பெண்களும் அங்கே ஆயுதம் ஏந்தினார்கள். சென்னையில் வைத்தியம் படித்த லக்ஷ்மி, ஜான்ஸிராணிப் படைக்குத் தலைமை வகித்தார். ஆனால் 1944-ல் இம்பால் களத்தில் குண்டுகளோடு சேர்ந்து மலேரியாவும் சீதபேதியும் பசியும் அப்படையை மாய்த்தன. 1945-ல் ரங்கூனை விட்டுப் பின்வாங்குகையில் பெண்கள் படையோடு நேதாஜியும் நடந்தே சென்றார். பாதங்கள் கொப்புளித்தும் தனக்கென வாகனம் கொள்ளவில்லை. அவ்வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி தைஹோகுவில் விமான விபத்தில் அவர் மாண்டார் என்று 1956-லும் 1974-லும் அறிக்கை தந்த விசாரணைகள் முடிவு செய்தன. 2005-ல் முடிந்த விசாரணை அதை மறுத்தது. அந்த மறுப்பைச் சர்க்கார் ஏற்கவில்லை. அவருடைய மரணத்தைப் பற்றி வாதம் உண்டு. வாழ்க்கையைப் பற்றி வாதமில்லை.

இனித் தளவாய்புரத்துத் தந்தைக்குச் சொன்ன சட்டத்தை வாசகர்களுக்கும் சொல்கிறோம். 1950-ம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 44-வது பிரிவின்படி, சேரும் சமயத்தில் விண்ணப்பப் படிவத்தின் கேள்விக்கு வேண்டுமென்றே பொய்ப் பதில் சொன்னது பின்னால் வெளிப்பட்டால், ராணுவ நீதிமன்றம் ஐந்து வருஷம் வரையில் சிறைத் தண்டனை விதிக்கலாம். அதற்கு நேர்மாறான பக்கமும் உண்டு. சேரும்பொழுது குறிக்கப்படாத வியாதி பிற்பாடு சிப்பாய்க்குக் கண்டால், அது ஊழியத்தினால் வந்ததென்றே கொள்ள வேண்டும், அல்லவென்று காட்டும் பாரம் சர்க்காரைச் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. ஊனமுற்ற சிப்பாயின் பென்ஷனுக்கு இது பெரிய கவசம். பொய் எழுதி நுழைந்தவன் அந்தக் கவசத்தைத் தன் கையாலேயே துளைத்துக்கொள்கிறான். நியாயமாகக் காயம்பட்டு வந்தாலும், பழைய வைத்தியசாலைச் சீட்டு ஒன்று எங்கிருந்தாவது வெளிப்பட்டுவிடுமோ என்று ஆயுள் முழுதும் அவன் அஞ்ச வேண்டியதுதான்.

ஆகையால் சீட்டுகளை அடுப்பில் போட வேண்டாம். அவற்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள் என்றோம். நோய் எந்த வயதில் தொடங்கியது, கடைசியாக எப்பொழுது இரைத்தது, மருந்து எப்பொழுது நிறுத்தப்பட்டது, இப்பொழுது நுரையீரலின் நிலை என்ன என்பவற்றை ஒரு தகுந்த வைத்தியரிடம் பரிசோதித்து எழுதி வாங்குங்கள். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சுருக்கமாக எழுதுங்கள். குறையைப் பெரிதாக்கவும் வேண்டாம், சிறிதாக்கவும் வேண்டாம். முடிவு செய்வது ராணுவ வைத்தியரின் கடமை. அதை நீங்கள் வீட்டிலேயே செய்துவிடாதீர்கள். தகுதியில்லை என்று சொன்னால், குறிப்பிட்ட நாட்களுக்குள் மறுபரிசோதனை கேட்க வழியிருக்கிறது. அதைக் கேட்பது உரிமை, இழிவல்ல.

உண்மையை எழுதினால் நிச்சயம் எடுத்துக்கொள்வார்கள் என்று நாம் வாக்களிக்க முடியாது. உண்மை சொன்ன பையன் வீட்டுக்குத் திரும்புவதும், பொய் சொன்ன பையன் உடுப்பு மாட்டிக்கொள்வதும் நடக்கத்தான் செய்கின்றன. இந்த அநியாயத்தை நாம் குறைத்துப் பேச விரும்பவில்லை. பணம் வாங்கிக்கொண்டு மறைக்கக் கற்றுக்கொடுப்பவர்களைப் பிடித்துத் தண்டிக்க வேண்டியது சர்க்காரின் பொறுப்பு. வியாதி குணமாகிவிட்ட பிள்ளைகளை, பழைய பெயருக்காக மாத்திரம் தள்ளிவிடாமல் இப்போதைய உடலைப் பார்த்து முடிவு செய்யவேண்டியதும் அவர்கள் பொறுப்பே. உண்மை சொன்னவன் நஷ்டப்படுகிறான் என்ற எண்ணம் ஊரில் பரவினால், அடுத்த பையன் உண்மை சொல்ல மாட்டான்.

ஆயினும் ஒரு வாசல் மூடியதனால் வாழ்க்கை மூடிவிடுவதில்லை என்பதற்குச் சுபாஷ் பாபுவே சாட்சி. பீடன் தெருவில் அவரைத் தள்ளிய அதிகாரி தம் கடமையைத்தான் செய்தார். அவருடைய சீட்டில் எழுதப்பட்டது ஒரு கண்ணைப் பற்றிய தீர்ப்பு. மனிதரைப் பற்றிய தீர்ப்பாக அதைச் சுபாஷ் எடுத்துக்கொள்ளவில்லை. தளவாய்புரத்து வாலிபன் தன் சுவரிலுள்ள படத்தை இன்றிரவு ஒருமுறை உற்றுப் பார்க்கட்டும். தம்மைத் தள்ளிவிட்ட கண்ணின் குறையை, படைத் தலைவரான பிறகும் அவர் மறைக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி அதை முகத்திலேயே அணிந்துகொண்டு நிற்கிறார். அவ்வாலிபன் உண்மையை எழுதிவிட்டு, மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போல் கண்மாய்க் கரையில் ஓடட்டும். அவனுக்கு வாசல் திறக்க வேண்டுமென்று நாமும் வாழ்த்துகிறோம்.